பைன் காட்டுக்குப் போன அக்கா

'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்று அக்காவிடம் யாரும் பேச்சுக்குச் சொல்லிவிட முடியாது. சொன்னால் வந்துவிடுவாள்.

எங்கள் தொழிற்சாலை மேனேஜர் ஒரு தடவை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டார். பர்மாக்காரர், ரொம்ப மரியாதையானவர். யாரைப் பார்த்தாலும் 'வீட்டுப் பக்கம் வாங்களேன்' என்பது அவருக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈர லுங்கியோடு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், வாசலில் ஒரு தூக்குச் சட்டியோடு அக்கா நிற்பதைப் பார்த்தார். "என்ன விஷயம்?" என்று கேட்டாராம். "நீங்க வரச் சொன்னீங்களே" என்றாளாம் அக்கா. சாயங்காலம் வரை இருந்தாள். மேனேஜரின் மாமியாருக்குத் தலை வாரிவிட்டாள், அந்த அம்மாளோடு சேர்ந்து மீன் கழுவினாள், பேசிப் பேசி அந்த அம்மாள் வாய் வலிக்கிறது என்று சொல்லும் வரை பேசினாள். அதற்குப் பிறகு மேனேஜர் எங்களைப் பார்த்தால், "உங்க அக்கா எப்ப வர்றாங்கன்னு மாமியார் கேக்கறாங்க" என்பார். முகத்தில் கொஞ்சம் கவலை இருக்கும்.

ரங்கூனை ஒட்டிய லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது, அவர்கள் நேரில் வந்தால் மொழிபெயர்ப்பது என் வேலை. அதே தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தை நடத்தியவள் அக்கா. தகரக் கூரைக்குக் கீழே நீளநீளமாக மேசை, ஒரு மூலையில் அவளுடைய அடுப்பு. காலையில் மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா, மத்தியானம் சோறும் ஒரு கறியும், சாயங்காலம் பசிக்கிறது என்று வருகிறவர்களுக்கு முட்டைக்கோசும் நூடுல்சும் புளித்தண்ணியும் போட்டுப் பிசைந்த அத்தோ. தையல் பெண்கள் அவளைப் பர்மியத்தில் 'அமா' என்பார்கள். நான் மட்டும் தமிழில் அக்கா என்பேன். அவள் என்னைப் 'புள்ள' என்பாள். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தாள். கணவர் போய் வெகு காலம். குழந்தை இல்லை. இன்சீனில் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்; அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

அழைப்பை இவள் இப்படி எடுத்துக்கொள்வதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். லத்தாவில் அவள் மளிகை வாங்கும் சீனர் கடையில், 'பொண்ணுக்குக் கல்யாணம், வந்துடுங்க' என்றார்கள். போனாள். குடும்பப் படம் எடுக்கும்போது மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் நின்றுவிட்டாள். அந்தப் படம் இன்றும் அந்தக் கடையில் தொங்குகிறது. ஆனால் எல்லா அழைப்பும் சிரிப்பாக முடியவில்லை. ஒரு தடவை கோயிலில், பெரிய வட்டிக்கடைக் குடும்பத்து அம்மாள் ஒருவர், "நம்ம பங்களாவுக்கு ஒரு நாள் வாயேன்" என்று சொன்னார். அக்கா போன அன்றைக்குக் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. வெயிலில் நின்றாள். கார் வந்தது. அந்த அம்மாள் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தார். பார்த்தது இவளுக்கும் தெரியும். கார் உள்ளே போனது, கேட் மூடியது.

மறுநாள் இதைச் சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

"உங்களுக்குக் கோவமே வரலியா அக்கா?"

"எதுக்குப் புள்ள? அவுங்க கூப்புட்டாங்க, நான் போனேன். என் பக்கத்துக் காரியம் முடிஞ்சுது. கேட்டைத் தொறக்கறது அவுங்க காரியம்."

இப்படிப்பட்டவளிடம்தான் பிலார் வந்து சேர்ந்தாள்.

பிலார் ஸ்பெயின்காரி. எங்களிடம் சட்டை வாங்கும் கம்பெனிக்காகத் தையலைச் சரிபார்க்க வருகிறவள். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் கழுத்தில் அளவு நாடா. வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மேனேஜர் அறையில் குளிர்சாதனத்தோடு சாப்பாடு வைப்பார்கள். பிலார் முதல் நாள் அதைச் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் வாசனை பிடித்துக்கொண்டு நேரே தகரக் கூரைக்கு வந்துவிட்டாள். அக்கா ஒரு கிண்ணம் அத்தோவை அவள் முன்னால் வைத்தாள். பிலாருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டாள். அந்த வாரம் முழுவதும் தையல் பெண்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

புறப்படுகிற அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். "அவங்க ஊரு ரொம்பச் சின்னதாம். சுத்தி எங்க பாத்தாலும் பைன் மரக் காடாம். அம்மா மட்டும் தனியா இருக்காங்களாம். ஒரு நாள் நாம ரெண்டு பேரும் கண்டிப்பா வரணுமாம்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த மாசம் வந்தா தோதுப்படும்னு கேளு."

நான் அதைக் கேட்க வேண்டியிருந்தது. பிலார் சிரித்தாள். ஆகஸ்ட் என்றாள், அப்போது திருவிழா என்றாள். வண்டி ஏறிப் போய்விட்டாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அக்கா பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நின்றாள். "உனக்கு இருக்கா, இல்லைன்னா நீயும் வந்து நில்லு" என்று போன் செய்தாள்.

நான் அதுவரை பாங்காக்குக்குக்கூடப் போனதில்லை. யாராவது ஓரிடத்துக்குக் கூப்பிட்டால் எனக்கு முதலில் தோன்றுவது, எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதுதான். பிலாருக்கு எழுதும்போது கூட, அவள் தப்பித்துக்கொள்ள நாலு வாசல் திறந்து வைத்துத்தான் எழுதினேன். வசதிப்பட்டால், சிரமம் இல்லாவிட்டால், பேச்சுக்குச் சொன்னதாக இருந்தால் பரவாயில்லை என்று. சில நாள் பதில் இல்லை. அப்புறம் வந்தது. உண்மையாகவா என்று கேட்டிருந்தாள். பக்கத்து டவுன் போலீஸ் நிலையத்தில் போய் எங்கள் விசாவுக்காக அழைப்புப் பத்திரம் வாங்கியதாகவும், அதிலிருந்து ஊர் முழுக்க இதே பேச்சு என்றும் எழுதியிருந்தாள். இரண்டு தடவை வாசித்தேன். எனக்குப் பயமா சந்தோஷமா தெரியவில்லை.

விசா கேட்கப் போன இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அக்காவிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பர்மிய மொழியில், "கூப்பிட்டிருக்காங்க" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெரிய நாட்டைப் பார்க்க ஆசை, மியூசியம், கடற்கரை என்று எல்லோரும் ஏதேதோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அக்காவின் கழுத்துச் சங்கிலி டிக்கெட்டாக மாறியது. என் சேமிப்பும் போனது. ஆகஸ்டில் நாங்கள் மாட்ரிட்டில் இறங்கி, ஒரு பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, ஒரு கூட்டு ரோட்டில் இறக்கிவிடப்பட்டோம். பிலார் காரோடு நிற்பதாகச் சொல்லியிருந்தாள். காரும் இல்லை, ஆளும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. பஸ் போன புழுதி அடங்கியதும் ஒரு சத்தமும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் காடு.

நான் பைன் மரத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன், கூம்பாக இருக்கும். இவை வேறு மாதிரி. நெடுநெடுவென்று அடிமரம் மட்டும் ஏறி, உச்சியில் பச்சைக் குடை விரித்தது போல. ஆயிரக்கணக்கான குடைகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. கீழே வெள்ளை மணல். வெயிலில் மரமெல்லாம் வியர்ப்பது போல ஒரு வாசம். அக்கா மூச்சை நன்றாக இழுத்தாள்.

"சாம்பிராணி புள்ள இது. கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி இல்ல?"

ஒரு மணல் பாதை காட்டுக்குள் போனது. "பாதை இருந்தா அந்தக் கடைசியில ஊரு இருக்கும், நட" என்று பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, அடியில் பூந்தொட்டி மாதிரி ஒரு மண்சட்டி கட்டியிருந்தது. மோல்மீன் பக்கம் ரப்பருக்குக் கட்டுவது போலவே. அக்கா ஒரு சட்டியில் விரலை விட்டாள். பிசின், தேன் நிறத்தில். விரலை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அந்த நேரம் பார்த்து, "ஏய்" என்று ஒரு சத்தம்.

பிசின் எடுக்கும் கிழவர். கையில் உளி, தலையில் வைக்கோல் தொப்பி. தன் சட்டியில் விரல் விட்டுக்கொண்டு, லுங்கி கட்டி, தலையில் பெட்டியோடு நிற்கிற ஒரு கறுத்த பெண்மணியைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். அக்கா அவரைப் பார்த்து, "பிலார்" என்றாள். அவ்வளவுதான். கிழவர் தொப்பியைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. "மியான்மார்" என்றார். எங்களைத் தன் பழைய வேனில் பிசின் பீப்பாய்களுக்கு நடுவில் உட்காரவைத்து, வழி நெடுக ஹார்ன் அடித்துக்கொண்டே ஊருக்குள் கொண்டுபோனார். பிலார் வேறொரு கூட்டு ரோட்டில் காத்திருந்துவிட்டுத் தலைதெறிக்க வந்து சேர்ந்தபோது, ஊரே எங்களைச் சுற்றி நின்றது.

ஊர் என்றால் கல் வீடுகள் கொஞ்சம், நடுவில் ஒரு சதுக்கம், ஒரு சர்ச், அதன் கோபுரத்தில் நாரைக் கூடு. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திருவிழாவுக்காக நகரத்திலிருந்து வந்த பிள்ளைகள் போய்விட்டால் மிஞ்சுவது வயதானவர்கள்தான் என்று பிலார் சொன்னாள். அவளுடைய அம்மா நல்ல உயரம், கறுப்பு உடை, சிரிக்காத முகம். அக்கா கொண்டுபோன லுங்கியைக் கையில் கொடுத்ததும், பாவாடைக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளும் அக்காவும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் ஸ்பானிஷில், இவள் தமிழில். நடுவில் நான் போய் நின்றால் இரண்டு பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள், எதற்கு வந்தாய் என்பது போல.

சதுக்கத்தில் ஒரு விஷயம் அக்காவை உறுத்தியது. காலையிலும் சாயங்காலத்திலும் கிழவர்கள் வந்து, பூட்டியிருந்த ஒரு கதவுக்கு முன்னால் நின்றார்கள். வெயிலில் நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

"அங்க என்ன புள்ள?"

பிலாரிடம் கேட்டுச் சொன்னேன். அது ஊரின் பார். அங்கே பார் என்றால் குடிக்கிற இடம் மட்டும் இல்லை. காலையில் காப்பி, மத்தியானம் சீட்டு, தபால்காரர் பொட்டலம் வைத்துவிட்டுப் போவது, யாராவது ஒருவர் இரண்டு நாளாக வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பது, எல்லாம் அங்கிருந்துதான். கட்டடம் ஊர் மன்றத்துக்குச் சொந்தம். நடத்தியவர் போன குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நடத்த வேறு ஆள் கிடைக்கவில்லை.

"அப்ப இவுங்க ஏன் வந்து நிக்கிறாங்க?"

"பழக்கமாம்."

அக்கா அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவுக்கு முந்தின காலையில் நான் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. சதுக்கத்திலிருந்து இரைச்சல் கேட்டது. ஓடினேன். பார் கதவு திறந்திருந்தது. சாவி இத்தனை நாளும் பிலாரின் அம்மாவிடம்தான் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் விடியும்போதே போய்த் தரையைக் கழுவி, நாற்காலிகளை இறக்கி, கண்ணாடித் தம்ளர்களை அடுக்கிவிட்டார்கள். அக்கா கல்லாவுக்குப் பின்னால் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கெட்டிப்பால் ஊற்றி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். காப்பி மெஷின் மட்டும் அசையவில்லை. பிசின் கிழவர் உள்ளே வந்து அதன் பக்கவாட்டில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒருவரும் காலியாக இருந்த முதல் நாற்காலியில் உட்காரவில்லை. ஒவ்வொருவரும் தனக்கென்று இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தகராறு பண்ணி எழுப்பிவிட்டார்.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைத்தது. ஊர்த் தலைவி. பக்கத்து டவுனில் டீச்சர் வேலையும் பார்க்கிறவள். மன்றத்து அனுமதி இல்லாமல் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது எனக்கே தெரியும். பேச்சு நின்றது. பிலாரின் அம்மா சாவியை முந்தானையில் மறைப்பவள் போல லுங்கி மடிப்புக்குள் மறைத்தாள்.

அக்கா ஒரு தம்ளர் டீயைக் கல்லாவின் மேல் தலைவிக்கு எதிரே தள்ளினாள்.

தலைவி குடித்தாள். சுற்றிலும் பார்த்தாள். என்னவோ சொன்னாள். பார் முழுக்கச் சிரிப்பு. பிலார் சிரித்துக்கொண்டே எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவிடம் சொன்னேன்:

"'அப்படீன்னா நீங்க இங்கயே இருந்துடுங்க, இந்தப் பாரை நீங்களே நடத்துங்க'ங்கறாங்க."

அக்கா சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்தாள்.

"எப்பலேர்ந்துன்னு கேளு."

இந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் விட்டால் இது இங்கேயே சிரிப்போடு முடிந்துவிடும் என்று தெரிந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிலாரிடம் சொன்னேன். பிலார் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு ஸ்பானிஷில் சொன்னாள். சிரிப்பு முதல் மேசையில் நின்றது, பிறகு அடுத்த மேசையில், பிறகு மூலையில். தலைவி தம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அக்காவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நிஜமாகவா?" என்று அவள் கேட்டது எனக்கே புரிந்தது.

அன்று மத்தியானம் அவர்கள் பேசினார்கள். பிலாரும் நானும் மாறி மாறி மொழிபெயர்த்ததில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேலை அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ரங்கூன் திரும்பிப் போய் அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், காலதாமதம் ஆகும், கிடைக்கும் என்று உறுதியும் இல்லை. ஆனால் ஊர் மன்றம் தன் பக்கத்துக் காகிதங்களைப் போட்டுவிடும். பாருக்கு மேலே இரண்டு அறை இருக்கிறது, அதுவும் அவளுக்குத்தான். எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள். குளிர்காலத்தில் பனி இடுப்பளவு விழும் என்று தலைவி எச்சரித்தபோது மட்டும், "அப்ப மொஹிங்கா நல்லா ஓடும்" என்றாள்.

சாயங்காலம் காட்டு ஓரமாக நடந்தோம். வெயில் மரங்களின் அடியில் சாய்வாக விழுந்து அடிமரமெல்லாம் செம்பு நிறமாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. இவளுக்கு என்ன தைரியம் என்று ஒரு பக்கம், இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று ஒரு பக்கம்.

"அக்கா, அந்தம்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னாங்க."

"தெரியும் புள்ள. நான் என்ன கூமுட்டையா?"

நான் நின்றுவிட்டேன்.

"பாதிப் பேரு வெளையாட்டுக்குத்தான் கூப்புடறாங்க. நாம வந்து நின்னா, அதுக்கப்புறம் அது வெளையாட்டு இல்லைல்ல." கொஞ்ச தூரம் நடந்தாள். "எங்கப்பா போர்ட்ல மூட்டை தூக்குனாரு. சித்தப்பா இந்தியாவுலேர்ந்து வாங்கம்பாரு. மாண்டலேயில மாமா வாங்கம்பாரு. கூட வேலை பாத்தவன் மலேயாவுக்குப் போயி வான்னான். எல்லாத்துக்கும் நாளைக்கு நாளைக்குன்னாரு. சாகற அன்னிக்கு என்னையக் கூப்புட்டு, 'மாண்டலே எப்படி இருக்கும்'னு கேட்டாரு. நானும் பாத்ததில்ல. என்ன சொல்ல?"

அவள் பயமில்லாதவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் தம்பிதான் வெடித்தான். இன்சீன் வீட்டில் நானும் இருந்தேன்.

"இந்த வயசுல போயி வெள்ளைக்காரனுக்கு டீ ஆத்தப் போறியா? அங்க செத்தீன்னா யாரு கொள்ளி வெப்பா?"

"செத்ததுக்கு அப்புறம் நடக்கறதுக்காக இப்பலேர்ந்தே இங்க காவல் இருக்கச் சொல்றியா?"

"அவுங்க சிரிச்சிட்டுச் சொன்னத நம்பி வீட்ட விட்டுப் போறவளோட எனக்குப் பேச்சில்ல."

அவன் சொன்னதைச் செய்தான். அன்றிலிருந்து பேசவில்லை. ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே, ஒரு வார்த்தை இல்லை.

காகிதங்கள் போயின. பதில் வருவதற்கு முன்னால் நோய் வந்து உலகமே கதவைச் சாத்தியது. விமான நிலையம் மூடிக் கிடந்தது. அது திறப்பதற்குள் எங்கள் ஊரில் வேறு கஷ்டங்கள் வந்தன. தொழிற்சாலைக்கு ஆர்டர் நின்றது. தகரக் கூரைக்குக் கீழே மேசைகளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அக்கா இன்சீன் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு மொஹிங்கா விற்றாள். ரங்கூனைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் போகும்போது காதில் போனை வைத்து ஸ்பானிஷ் வார்த்தைகளை உரக்கச் சொல்லிப் பழகினாள். ரொட்டி, உப்பு, இன்னொரு காப்பி, கணக்கு நாளைக்கு. எதிரே உட்கார்ந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நெட் கிடைக்கும் நாளில் பிலாரின் அம்மா கூப்பிடுவாள். தெரிந்தவர்கள் எல்லாம் 'ஸ்பெயின்காரி' என்று கேலி செய்தார்கள். எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

"வருஷக் கணக்கா ஆச்சுக்கா. அவங்க மறந்திருப்பாங்க. வேற ஆளைப் போட்டிருப்பாங்க."

அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வாங்கன்னு சொன்னவுங்க இன்னும் வராதீங்கன்னு சொல்லலியே."

ஒரு மழை நாளில் போன் வந்தது. "புள்ள, கிடைச்சிருச்சு." இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையைக் கேட்டோம். பிறகு நான் நடு ரோட்டில், குடையைக் கீழே போட்டுவிட்டு, அங்கே நின்ற வளையல் விற்கும் பெண்மணியைக் கட்டிப்பிடித்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். புதுக் கம்பளிச் சட்டையை ரங்கூன் புழுக்கத்திலேயே போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்ற நின்றாள். வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தம்பி வரவில்லை. உள்ளே போக வேண்டிய நேரம் வந்ததும் என் தோளைப் பிடித்தாள்.

"நான் கூப்புட்டா வருவியா?"

"வருவேன்க்கா."

"யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். "வருவேன்" என்றேன். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

போன குளிர்காலத்தில் பிலார் ஒரு வீடியோ அனுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே பைன் குடைகள் எல்லாம் வெள்ளை. உள்ளே புகை, கூச்சல், மேசைக்கு மேசை கிண்ணங்களில் ஆவி. பிசின் கிழவர் சீட்டை மேசையில் ஓங்கி அடிக்கிறார். அக்கா கல்லாவிலிருந்து தமிழில் அதட்டுகிறாள்: "மெதுவா அடிங்க, மேசை ஒடியப் போவுது." கிழவர் திரும்பாமலே, சுத்தமான தமிழில், "சும்மா இரு" என்கிறார். பார் அதிரச் சிரிப்பு.

அதைத் தம்பிக்குக் காட்ட இன்சீனுக்குப் போனேன். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், கையில் கிரீஸ். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான். பார்த்தான். முதலிலிருந்து மறுபடியும் பார்த்தான். கிழவர் பேசும் இடத்தில் அவன் உதடு லேசாக அசைந்தது. மூன்றாம் தடவை ஓடும்போது ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"அந்தக் கதவு தொங்குது பாரு. மேல் கீல் கழண்டிருக்கு. இடுக்கு வழியாக் குளிரு உள்ள வரும்."

எனக்கு அந்தக் கதவு கண்ணிலேயே படவில்லை.

"எங்கக்காவுக்குக் குளிரு ஆவாது" என்றான். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த ஊருக்கு எப்படிப் போவணும்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாங்காக், அங்கிருந்து மாட்ரிட், ஒரு பஸ், இன்னொரு பஸ், கூட்டு ரோட்டில் இறங்கினால் இரண்டு பக்கமும் காடு, இடது கைப் பக்கம் மணல் பாதை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "பஸ்ஸா, ரயிலு கிடையாதா?" என்று ஒரு இடத்தில் நிறுத்தினான். கிடையாது என்றேன். "சரி, மேல சொல்லு" என்றான்.